மொக்கையான திருகாணியும் மடக்குக் கத்தியும்: வாசகர் கேள்வி பதில்

மா அறுவடை ஓய்ந்து ஒட்டுக்கட்டும் வேலை தொடங்கும்போது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் மடக்குக் கத்திகளுக்கும் வேலை வந்துவிடும். கூடவே கத்தியைப் பிரிக்க முடியாத தொல்லையும் வரும். இந்த இதழில் அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஒட்டுக்கட்டும் கத்தியைப் பிரித்துத் துடைக்க உட்கார்ந்தேன். பிடியில் மூன்று ஸ்க்ரூ. இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதில் கீ வழுக்கி வழுக்கி, குழி வட்டமாகிவிட்டது. கடையில் 'ஸ்டார்' என்று கேட்டு வாங்கியதும் பொருந்தவில்லை. டிரில் போட்டு எடுத்துவிடலாமா? – வாசகர், சந்தூர்

வேண்டாம். டிரில் கடைசி வழி. திருகாணி போனால் சில ரூபாய்க்கு வேறொன்று கிடைக்கும். அது ஏறி உட்காரும் உள்தகட்டின் (பிடிப்பலகைக்கு உள்ளே இருக்கும் உலோகத் தகடு) மரை போனால் கத்தியே போயிற்று. அதனால் மரைக்குச் சேதம் வராத வழிகளை முதலில் வரிசையாகச் செய்து பார்க்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்க் கடைகளில் 'ஸ்டார்' என்றால் கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருப்புளியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் கத்தியில் இருப்பது ஆறு இதழ் கொண்ட டார்க்ஸ். 1967-இல் அமெரிக்காவின் கேம்கார் டெக்ஸ்ட்ரான் நிறுவனம் கொண்டுவந்த வடிவம் இது. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மடக்குக் கத்திகளில் பிடித் திருகாணிக்குப் பெரும்பாலும் டி-6 அல்லது டி-8, அலகு சுழலும் அச்சாணிக்கு டி-8 அல்லது டி-10 இருக்கும். ஹார்டுவேர் கடையில் இல்லாவிட்டால் செல்போன் பழுதுபார்க்கும் சாமான் விற்கும் கடையில் டி-6 பெரும்பாலும் இருக்கும்.

குழி ஏன் வட்டமாகிறது என்பதற்கு அளவே பதில் சொல்லும். எதிரெதிர் இதழ் முனைகளுக்கு இடையே டி-6 சுமார் 1.7 மி.மீ., டி-7 சுமார் 2 மி.மீ., டி-8 சுமார் 2.3 மி.மீ. டி-8 குழிக்குள் டி-7 பிட் (திருப்புளியின் முனை) தாராளமாக இறங்கும், பிடித்ததுபோலவும் தோன்றும். ஆனால் இதழின் நுனி மட்டுமே தொடும். திருகியதும் அந்த நுனி மழுங்கிவிடும். 2 மி.மீ. ஆலன் கீ இன்னும் மோசம். மூலைக்கு மூலை அதுவும் 2.3 மி.மீ. தான் என்பதால் கச்சிதமாக உள்ளே போகும், ஆறு மூலையால் மட்டும் சுரண்டும். உங்கள் கத்தியில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இனி வேலை. கத்தியின் கூர்ப்பகுதியில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு குழியைத் துப்புரவாக்குங்கள். மொக்கையானதாக நினைக்கும் திருகாணிகளில் பல உண்மையில் அடைத்துக்கொண்டவை. மாம்பால் காய்ந்து கறுத்துக் குழியின் அடியில் கல்லாகப் படிந்திருக்கும். பிட் பாதி ஆழமே இறங்கும். மேல் விளிம்பு தேயும். தையல் ஊசியால் ஆறு மூலையையும் கிளறி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பிளாஸ்டிக் பிடியாக இருந்தால் தின்னரைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், பிடி இளகும்.

அடுத்தது புதிய பிட். ஏற்கெனவே வழுக்கிய பிட்டின் நுனியும் தேய்ந்திருக்கும், அதைத் தூக்கிப் போடுங்கள். எஸ்-2 எஃகு என்று பொறித்த பிட்டாக வாங்குங்கள். 'எல்' வடிவக் கீ வேண்டாம். அது சாய்ந்துகொண்டே இருக்கும். மேல் மூடி தனியாகச் சுழலும் நேரான சிறு திருப்புளிதான் இதற்குச் சரி. கத்தியை மரப்பலகையில் படுக்க வைத்து, உள்ளங்கையால் மூடியை அழுத்தி, விரலால் திருகுங்கள். பலத்தில் முக்கால் பங்கு கீழ்நோக்கிய அழுத்தத்துக்கு, கால் பங்குதான் திருகுவதற்கு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பாருங்கள். கழற்றும் திசையில் போராடியதால் இதழ்களின் ஒரு பக்கச் சுவர்தான் தேய்ந்திருக்கும், இறுக்கும் பக்கச் சுவர் அநேகமாகப் புதிதாகவே இருக்கும். இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு கிடைத்தாலே உள்ளே இருக்கும் பசை விரிசல் விடும். அதன்பின் கழற்றும் திசைக்குப் பாதி பலம் போதும்.

அதுவும் பலிக்காவிட்டால் சூடு. அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம். சூடுபடுத்தியும் பிட் வழுக்கினால் குழியைச் சரிசெய்யலாம். கத்தியை அலுமினியக் கட்டையிலோ கெட்டி மரத்திலோ படுக்க வைத்து, தட்டை முனை கொண்ட பஞ்ச் என்ற எஃகுக் குச்சியைத் திருகாணித் தலைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெதுவாக நாலு தட்டு. விளிம்பு உலோகம் உள்நோக்கி நகர்ந்து குழி சுருங்கும். பிறகு அதே எண் பிட்டைக் குழியில் நிறுத்தித் தட்டி இறக்குங்கள். குழி மிகவும் விரிந்திருந்தால் ஓர் எண் பெரிய பிட்டை, அதாவது டி-6-க்கு டி-7, டி-8-க்கு டி-9 தட்டி இறக்கலாம். பிடிக்கு அடியில் வெற்றிடம் இருக்கக்கூடாது. தொங்கலாக வைத்துத் தட்டினால் பிடிப்பலகை வெடிக்கும்.

இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கிடைக்கும். அதில் கடுகளவு எடுத்து பிட் நுனியில் தடவினால் மணல் துகள் இரு உலோகத்துக்கும் இடையில் கடித்துப் பிடிக்கும். பாதி தேய்ந்த குழிக்கு இது நன்றாகவே உதவும். ரப்பர் பேண்டை வைத்துத் திருகச் சொல்வார்கள்; பெரிய பிலிப்ஸ் தலைக்கு அது சரி, 2 மி.மீ. குழிக்குள் ரப்பருக்கு இடமே இல்லை.

தலை பிடியின் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் உங்களுக்கு இன்னும் இரண்டு வழி உண்டு. சின்ன வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) தலையின் விளிம்பைக் கவ்வித் திருப்பலாம். அல்லது ஆக்சா பிளேடால் தலைக்குக் குறுக்கே காடி வெட்டிப் பட்டைத் திருப்புளியால் கழற்றலாம். காடியின் ஆழம் அரை மி.மீ.-க்குமேல் போனால் தலை இரண்டாகப் பிளக்கும். பிடியில் கீறல் விழாமல் இருக்கத் தலையைச் சுற்றி இரண்டு மடங்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டேன். துருநீக்கி எண்ணெயும் அடித்தேன். ஸ்க்ரூ இம்மி அசையவில்லை. துருவே இல்லாத கத்தியில் ஏன் இவ்வளவு இறுக்கம்? – வாசகர், பாலக்கோடு

துரு இல்லை என்பதிலேயே பதில் இருக்கிறது. எண்ணெய் துருவுக்குள் ஊறும், பசைக்குள் ஊறாது. கத்தி தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று தொழிற்சாலையில் மரைப்பசை போட்டிருப்பார்கள். காற்றுப் படாத இடத்தில், உலோகத்தோடு ஒட்டியிருக்கும்போது கெட்டியாகும் பசை அது. ஏற்கெனவே கழன்று வந்த திருகாணியின் மரையைப் பாருங்கள். நீலமோ சிவப்போ பொடியாக ஒட்டியிருந்தால் பசை. பழுப்பாக இருந்தால் துரு. துரு என்றால் நீங்கள் செய்தது சரி, இன்னும் ஊறட்டும். பசை என்றால் சூடுதான் மருந்து.

60 வாட் சால்டரிங் அயர்ன் போதும். ஊற வைத்த எண்ணெயை முதலில் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்து உலர விடுங்கள். மண்ணெண்ணெயோடு சூடு வைத்தால் புகையும், தீயும் பிடிக்கும். அயர்னின் நுனி நன்கு சூடானபின் திருகாணித் தலையின் நடுவில் ஊன்றி 20 முதல் 30 விநாடி வையுங்கள். எடுத்த கையோடு பிட்டைச் செருகித் திருகுங்கள். ஐந்து விநாடி தாமதித்தால் பசை மறுபடி இறுகும், வழுக்கல்தான் மிஞ்சும். ஒரே தடவையில் வரவில்லை என்றால் மூன்று நான்கு தடவை செய்யலாம். சிவப்புப் பசைக்கு மரைப்பகுதியில் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வரை தேவைப்படும்; நீலம் அதற்கு முன்பே இளகிக்கொடுக்கும்.

பிளாஸ்டிக், மரப் பிடிகளில் ஒரேயடியாக 30 விநாடி வைக்காதீர்கள். 8 விநாடி வைத்து எடுத்து, பிடியைத் தொட்டுப் பார்த்து, மறுபடி வையுங்கள். நைலான் பிடி 220 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கும். வாடை வந்தால் நிறுத்துங்கள்.

கேஸ் டார்ச்சையும் அடுப்பையும் இந்த வேலைக்குத் தொடவே கூடாது. கத்தி அலகின் கடினம் சூட்டால்தான் கெடும். அலகில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தால் சுமார் 220 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள், நீலம் படர்ந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது. சாதாரணக் கார்பன் எஃகு அலகு நீலமேறிய இடத்தில் கூர் நிற்காது. எத்தனை முறை சாணை பிடித்தாலும் மாலைக்குள் மழுங்கும். அலகைச் சுற்றி ஈரத்துணி கட்டிக்கொண்டு வேலை செய்வது நல்லது.

அலகு சுழலும் நடு ஸ்க்ரூவைத் திருகினால் மறுபக்கத் தலையும் கூடவே சுற்றுகிறது. குழி நன்றாகத்தான் இருக்கிறது. – வாசகர், ஓசூர்

அச்சாணி இரண்டு துண்டாலானது. உள்மரை வெட்டிய குழல் ஒன்று, அதற்குள் ஏறும் திருகாணி ஒன்று. குழல் சுற்றாமல் இருக்க அதன் தலைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகச் சீவி, உள்தகட்டிலும் அதே வடிவில் துளை போட்டிருப்பார்கள். மலிவான கத்திகளில் அந்தத் தட்டை இருக்காது, அல்லது பலவந்தமாகத் திருகியதில் மழுங்கியிருக்கும்.

மறுபக்கத்திலும் குழி இருந்தால் இரண்டு திருப்புளியை எதிரெதிராகப் பிடித்துத் திருகுங்கள், முடிந்தது. மறுபக்கம் வழவழப்பாக இருந்தால் குழலை உராய்வால் நிறுத்த வேண்டும். பிடித் திருகாணிகளை எல்லாம் முதலில் எடுத்துவிடுங்கள். பிடியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே, அச்சாணிக்குப் பக்கத்தில், மூங்கில் சிம்பு ஒன்றை ஆப்பாகச் செருகுங்கள். இரண்டு பக்கமும் வெளியே விரிய முயலும்போது குழலின் தலை தகட்டோடு அழுந்திக்கொள்ளும். டேப் சுற்றிய அலகைப் பாதி திறந்து பக்கவாட்டில் அழுத்திப் பிடித்தால் அலகின் துளையும் குழலைக் கவ்வும். மேசைமேல் சைக்கிள் டியூப் துண்டை விரித்து, வழவழப்பான தலை அதன்மேல் படும்படி வைத்து அழுத்தித் திருகுங்கள். இத்தனைக்கும் முன்னால் திருகாணிப் பக்கம் ஒருமுறை சூடு வைத்துக்கொள்வது பாதி வேலையைக் குறைக்கும்.

தானாக விரியும் ஸ்பிரிங் வைத்த கத்தி என்றால் பிரிக்கும்போது ஸ்பிரிங் தெறிக்கும். கண்ணாடி அணிந்துகொண்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள்.

கத்தி ஸ்க்ரூவில் இடது மரை உண்டா? எந்தப் பக்கம் திருக வேண்டும்? – வாசகர், பென்னாகரம்

மடக்குக் கத்திகளில் கிட்டத்தட்ட எல்லாமே வலது மரை. தலையைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருகினால் கழலும். கழலவில்லை என்பதற்காகத் திசையில் சந்தேகப்பட்டு வலஞ்சுழியாக மொத்த பலத்தையும் போடாதீர்கள். முதல் பதிலில் சொன்ன மயிரிழை இறுக்கம் வேறு, இது வேறு. 2 மி.மீ. திருகாணி முறிந்துவிடும்.

சுத்தம், சூடு, தட்டல், பேஸ்ட் எல்லாம் பார்த்தாயிற்று. தலை பிடிக்குள் பதிந்திருப்பதால் காடியும் வெட்ட முடியாது. இனி டிரில்தானே? – வாசகர், ஊத்தங்கரை

அதற்கு முன் ஒன்று பாக்கி: ஆரால்டைட் என்ற எபாக்ஸி பசை. வீணானாலும் பரவாயில்லை என்ற ஒரு பிட்டை எடுத்து, பிட்டையும் குழியையும் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, பசையைக் குழியில் மட்டும் நிரப்பி பிட்டை நேராக நிறுத்துங்கள். 24 மணி நேரம் அசைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட மெதுவாக இறுகும் சாதாரண வகைக்குத்தான் பிடிப்பு அதிகம். பசை தலையின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் திருகாணியைப் பிடியோடு ஒட்டிவிடும். இதற்குப் பின் சூடு வைக்க முடியாது, வைத்தால் ஆரால்டைட்தான் முதலில் இளகும். அதனால்தான் இது வரிசையில் கடைசியில் வருகிறது.

அதுவும் தோற்றால் டிரில். திருகாணியை முழுக்கத் துளைத்தெடுப்பது நோக்கம் அல்ல; தலையை மட்டும் தண்டிலிருந்து பிரிப்பது. டி-6 குழி பெரும்பாலும் எம்-2 திருகாணியில் இருக்கும், டி-8 எம்-2.5-இல். தண்டின் விட்டமே டிரில் பிட்டின் விட்டம்: 2 மி.மீ. அல்லது 2.5 மி.மீ. நட்சத்திரக் குழியின் வாயே பிட்டை நடுவில் நிறுத்தும், சென்டர் பஞ்ச் தேவைப்படாது. எம்-35 என்று குறித்த, 5 சதவீதம் கோபால்ட் கலந்த பிட் வாங்குங்கள். சாதாரணப் பிட் கடினத் திருகாணியில் நுனி கருகி நிற்கும்.

கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள். வைஸின் இரண்டு தாடைக்கும் மரத்துண்டு கொடுத்துக் கட்டுங்கள். வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று அளவில் இருக்கட்டும், ஒரு சொட்டு கட்டிங் ஆயில் விடுங்கள். விட்டு விட்டு அழுத்துவது தவறு. பிட் வெட்டாமல் உராய்ந்தால் ஸ்டெயின்லெஸ் எஃகு அந்த இடத்தில் இறுகிப்போய் மேலும் வெட்ட விடாது. சீராக அழுத்தி, தலையின் தடிமன் அளவு, ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. இறங்கினால் தலை வளையமாக பிட்டோடு சேர்ந்து சுற்றும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கால் மி.மீ.-யும் மரையை நோக்கிய பயணம்.

தலை போனதும் இறுக்கமும் போய்விடும். பிடிப்பலகையைத் தூக்கினால் தண்டு துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு முறை சூடு வைத்து, குறட்டால் கவ்வித் திருகினால் விரலுக்கே வந்துவிடும். உலோகத் தூளை ஒன்று விடாமல் தட்டித் துடையுங்கள். அச்சாணியின் வாஷருக்குள் போனால் அலகு அரைபட்டுக்கொண்டே திறக்கும்.

பித்தளை உள்தகடு வைத்த பழைய கத்தி. ஸ்க்ரூ மரைக்குள்ளேயே முறிந்துவிட்டது. பிடிக்க நுனி இல்லை. – வாசகர், அரூர்

பித்தளை என்பது உங்களுக்கு அனுகூலம். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை இதற்கு உண்டு: படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, 100 மி.லி. வெந்நீரில் 15 கிராம் கரையுங்கள். கண்ணாடிப் பாத்திரம்தான் வேண்டும். தகட்டை மட்டும் கழற்றி அதில் மூழ்க வையுங்கள். கரைசல் கை பொறுக்காத சூட்டில் இருந்தால் வேகமாக வேலை நடக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இந்தக் கிண்ணத்தை வைத்தால் சூடு நிற்கும். எஃகுத் துண்டிலிருந்து சின்னக் குமிழி கிளம்பினால் கரையத் தொடங்கிவிட்டது. மேலே கறுப்புக் கசடு படியும், சில மணிக்கொரு முறை பல் துலக்கியால் தேய்த்துவிடுங்கள். 2 மி.மீ. துண்டு கரைய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். பித்தளை மரைக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு எச்சரிக்கை. அலகு, ஸ்பிரிங், எஃகு ரிவெட் எதுவும் கரைசலில் படக்கூடாது, அவையும் கரையும். முறிந்தது ஸ்டெயின்லெஸ் என்றால் இது பலிக்காது. அதைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கத்திகளில் வரும் ஸ்டெயின்லெஸ் திருகாணி பலவும் காந்தத்தில் ஒட்டும். துருப்பிடித்த தடம் தெளிவாக இருந்தால் நம்பி இறங்கலாம்.

எஃகுத் தகட்டுக்குள் முறிந்திருந்தால் ஓசூர் பக்கம் டூல் ரூம் வேலை செய்யும் பட்டறைகளில் ஸ்பார்க் எரோஷன் மெஷின் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) இருக்கிறதா என்று விசாரியுங்கள். துளைக்குள் முறிந்த, மரை வெட்டும் 'டேப்' கருவியை எரித்தெடுப்பதுபோல இதையும் மரை கெடாமல் எடுப்பார்கள். விலைமதிப்புள்ள கத்திக்கு மட்டும் அந்தச் செலவு தகும்.

சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தியில் ஸ்க்ரூவே காணோமே? – வாசகர், தேன்கனிக்கோட்டை

இல்லைதான். அது ரிவெட் அடித்துச் சேர்த்தது, பிடிப்பலகை ரிவெட் தலைமேல் அழுத்திப் பொருத்தியது. பிரிக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் எல்லா அலகையும் பலமுறை திறந்து மூடிக் கழுவி, உலர்த்தி, கணுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

எடுத்தாயிற்று. மாற்று ஸ்க்ரூ எப்படித் தேர்வது? மறுபடி இப்படி ஆகாமல் எந்தப் பசை போடுவது? – வாசகர், கிருஷ்ணகிரி

கழன்று வந்த நல்ல திருகாணி ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, வெர்னியர் அளவுகோலில் தண்டின் வெளிவிட்டத்தை அளங்கள். 1.9 முதல் 2 மி.மீ. வந்தால் எம்-2, 2.4 முதல் 2.5 வந்தால் எம்-2.5. இரண்டுக்கும் நடுவில் 2.1 அல்லது 2.2 வந்தால் அது அமெரிக்க அங்குல அளவு: விட்டம் 2.18 மி.மீ., அங்குலத்துக்கு 56 மரை. அந்தத் துளையில் எம்-2 லொடலொடவென்று நிற்கும், எம்-2.5-ஐத் திணித்தால் மரையை அறுக்கும். கையால் மூன்று சுற்று தடையில்லாமல் ஏறினால்தான் சரியான திருகாணி. நீளம் அரை மி.மீ. கூடினாலும் சில கத்திகளில் நுனி அலகில் உரசும், கூர் போகும். நீளம் கூடியதை அரத்தில் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

லாக்டைட் என்ற பெயரில் வரும் மரைப்பசைகளில் சிவப்பு 271-ஐத் தொடாதீர்கள். 222 என்ற ஊதா நிறம் சிறு திருகாணிகளுக்கென்றே உள்ளது, கைத் திருப்புளியால் கழலும். அது கிடைக்காமல் நீலம் 243 போட்டால் தீக்குச்சி நுனியால் தொட்டு இரண்டு மரைக்கு மட்டும் வையுங்கள். போடுமுன் பழைய பசையை மரையிலிருந்து ஊசியால் சுரண்டி ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அச்சாணியின் உள்ளே பசை வழிந்தால் அலகே ஒட்டிக்கொள்ளும், ஆகவே அங்கே இன்னும் குறைவாக. இறுக்கும்போது திருப்புளியை இரண்டு விரலால் மட்டும் பிடியுங்கள். அலகு ஆடாமல், அதே சமயம் தடையில்லாமல் திறந்து மூடும் இடத்தில் நிறுத்தி, ஒரு நாள் அப்படியே விட்டபின் தோட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.